ஐம்பத்து மூன்று ‘நாங்கள்’

முதல் தடவை பேசியபோது ஸுராப் ஐம்பத்து மூன்று முறை ‘நாங்கள்’ என்றார். எண்ணியது நானில்லை, ஃபைன்கோல்ட். சான்ட்விச் சுற்றிவந்த காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, சீட்டாட்டத்தில் புள்ளி போடுகிறவன் மாதிரி ஐந்தைந்தாகக் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதைப் பிடுங்கிக் கசக்கி அவன் காபிக்குள் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் எங்கள் கம்பெனியில் என்னைவிட மூத்தவன், தவிர அவன் ஓட்டு எனக்கு வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனி வாட்டர்டவுனில், ஆற்றை ஒட்டி. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மருந்து, அதுவும் இன்னும் மருந்தாகவில்லை. பிறவியிலேயே கல்லீரல் கெட்டுப்போன குழந்தைகளுக்கான ஒரு புரதம். எலிகளிடம் ஜோராக வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகத் தயாரிக்கலாம் என்று போனால், சுத்தம் செய்து முடிக்கும் நேரத்தில் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டிவிடும். ஒன்றரை வருடமாக நானும் என் குழுவில் உள்ள ஆறு பேரும் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். இதில் கை தேர்ந்த ஒரு ஆளை எடுத்துக்கொள்ள மேலிடம் சம்மதித்ததே ஜனவரியில்தான். ஓர் இடத்துக்கு இருநூறு விண்ணப்பங்கள் வந்தன. அந்தக் குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒரு கம்பெனி மூடிக்கொண்டிருந்தது. பத்து வருட அனுபவம் உள்ளவர்கள் எல்லாம் நேற்றுப் படிப்பை முடித்தவர்களோடு வரிசையில் நின்றார்கள்.

ஸுராப் கிக்னாட்ஸே அந்த இருநூறில் ஒருவர். திபிலிசிக்காரர், நாற்பத்து நான்கு வயது. எங்களுக்குப் பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் இருந்தார். டிசம்பரில் ஒருநாள் காலை பத்து மணிக்கு எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார்களாம், பன்னிரண்டு மணிக்கு அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லையாம். அவர் இருப்பது வேலை விசாவில். வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்களிடம் பேச வந்தது இருபத்தாறாவது நாள்.

அவர் அங்கே கையாண்ட புரதம் எங்கள் புரதத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே பிடிவாதம், அதே கட்டி தட்டுதல். அதை அவர் தெளிய வைத்திருந்தார். ஆனால் காட்டுவதற்கு ஒரே ஒரு படம்தான் வைத்திருந்தார். மூடிப்போன கம்பெனியின் ஆராய்ச்சி முழுவதும் வக்கீல்கள் வசம் போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடி அவர்களிடம் வாங்கிய அனுமதி அந்த ஒரு படத்துக்குத்தான். இடது பக்கம் கலங்கிய குழாய், வலது பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிந்த குழாய், கீழே ஒரு வரைகோடு. எட்டு வருட உழைப்பு ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கித் திரையில் நின்றது.

“நாங்க உப்பைக் குறைச்சோம். நாங்க கலக்கறதை நிறுத்தினோம். அப்பதான் நாங்க பாத்தோம்…” என்று அவர் சொல்லச் சொல்ல ஃபைன்கோல்டின் பேனா ஓடியது.

முடிந்ததும் அவன்தான் முதலில் கையைத் தூக்கினான். “ரொம்ப நல்லா இருந்துது. ஒரே ஒரு சந்தேகம். இதுல நீங்க செஞ்சது எது?”

ஸுராப்புக்குக் கேள்வி புரியவில்லை. படத்தைத் திரும்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “எல்லாமே நாங்கதான் செஞ்சோம்” என்றார்.

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டோம் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

எங்கள் தொழிலில் இது ஒரு பைத்தியக்காரத்தனம். குளிர் அறையில் தனியாக நின்று எந்தப் புரதத்தையும் எவனும் சுத்தம் செய்ததில்லை. ஒருத்தர் ஊற்ற வேண்டும், ஒருத்தர் குழாயைப் பிடிக்க வேண்டும், விரல் மரத்துப்போனால் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இன்டர்வியூ என்று வந்துவிட்டால் அத்தனையையும் ஒற்றை ஆளாகச் செய்ததாகச் சொல்ல வேண்டும். ‘நான் கண்டுபிடித்தேன், நான் மாற்றினேன், நான் முடித்தேன்.’ அப்படிச் சொல்லாதவரை ஒளிந்துகொள்கிறவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் வளர்ந்தவர்கள் இதைக் கல்லூரியிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நான் வூஸ்டர்காரி, பேருந்து ஓட்டுநரின் மகள். நானே கற்றுக்கொண்டு, அப்படிப் பேசிப் பேசித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.

மறுநாள் காலை முடிவு செய்யும் கூட்டம். யாரும் வாயைத் திறப்பதற்கு முன் அவரவர் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஐந்து பேர் படிவத்தையும் ஹெச்.ஆர். பெண் பெய்ஜ் வரிசையாகத் திரையில் போட்டாள். ‘சொந்தப் பங்கு’ என்ற கட்டத்தில் நால்வர் எழுதியிருந்தது: தெளிவில்லை.

“நோரீன், நாம எடுக்கப்போறது ஒரு ஆளைத்தான், ஒரு கூட்டத்தை இல்ல” என்றாள் பெய்ஜ். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. யாரையும் நோகடிக்காத குரல் அவளுக்கு, கழுத்தை அறுக்கும்போதும் அதே குரல்தான்.

“ஐம்பத்து மூணு” என்று ஃபைன்கோல்ட் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். “எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. என் பொண்டாட்டி இன்னும் அத்தனை ‘நாங்க’ சொன்னதில்ல.”

“உன்கூடக் குடும்பம் நடத்தினா யாருக்கு ‘நாங்க’ வரும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன்: “எனக்கு வேணுங்கறது இந்த ஆளோட கை. அந்தப் படத்தைப் பாத்தியா இல்லியா? நம்ம சனியன் இப்படித் தெளிஞ்சு நீ என்னிக்காவது பாத்திருக்கியா?”

“படம் நல்லாத்தான் இருக்கு. அது அவரோட கையா, பக்கத்துல நின்னவரோட கையா, அதான் தெரியல. ஏம்மா, நாளைக்கு இவரை எடுத்து, இவரு வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தவருன்னு தெரிஞ்சா நீதானே பதில் சொல்லணும்?”

ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில், இன்னொரு தடவை கூப்பிடலாம், அவர் தன் பங்கைத் தெளிவாகச் சொல்லட்டும் என்று பெய்ஜ் இறங்கி வந்தாள். எல்லோரும் எழுந்து போனபிறகு கதவருகில் என்னை நிறுத்தினாள்.

“ஒரு விஷயம். என்ன கேப்போம், என்ன சொல்லணும்னு அவர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தெரியும்ல? போன வருஷம் நாலாவது மாடியில என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?”

ஞாபகம் இருந்தது. தெரிந்த பெண்ணுக்குக் கேள்விகளை முன்கூட்டியே சொன்னதற்காக ஒரு குழுத்தலைவர் அதே வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

“என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை மவுண்ட் ஆபர்ன் சாலையில் உள்ள ஆர்மீனிய பேக்கரிக்கு வரச் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் யாரும் வரமாட்டார்கள். கறி தடவிய மெல்லிய ரொட்டி இரண்டு வாங்கி, சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். அவர் சூட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பாவம். இதையும் ஒரு இன்டர்வியூ என்று நினைத்துவிட்டார்.

“ஸுராப், நான் இங்க வரவே இல்ல. நீங்க என்னைப் பாக்கவே இல்ல. சரியா?”

“சரி.”

“நீங்க ‘நாங்க’ன்னு சொல்லக் கூடாது. ‘நான்’னு சொல்லணும். அவ்வளவுதான். அதைத் தவிர உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல.”

“அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

“நான் ஏதோ உப்பு அளவுல தப்பாச் சொல்லிட்டேன்னு ரெண்டு ராத்திரி தூங்கல.”

“சொல்லிப் பாருங்க. ‘நான் உப்பைக் குறைச்சேன்.’”

“நான் உப்பைக் குறைச்சேன்.”

“‘நான் கலக்கறதை நிறுத்தினேன்.’”

“அது நான் இல்ல. அது இவெட்.”

இவெட் பொலாங்கோவைப் பற்றி நான் கேள்விப்பட்டது அப்போதுதான். எட்டு வருடமும் அவரோடு அதே குளிர் அறையில் வேலை பார்த்த டெக்னீஷியன். கூட வேலை பார்த்தவர்கள் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று வக்கீல்கள் கடிதத்தில் இருந்ததால்தான் எங்களிடம் சொல்லவில்லையாம்.

“ஆறு மாசம் நான் உப்பை மாத்தி மாத்திப் பாத்து தோத்துட்டேன்” என்றார். “ஒருநாள் இவெட் அந்தக் கலக்கற மெஷினைப் பாத்து, ‘நிறுத்தித் தொலைங்களேன், அதுக்குத் தலை சுத்தாதா’ன்னா. சும்மா கேலிக்குத்தான் சொன்னா. நிறுத்திப் பாத்தோம். பாதி தெளிஞ்சுது. அப்புறம் என் உப்பையும் சேர்த்தோம், முழுசாத் தெளிஞ்சுது. அவளுது இல்லாம என்னுது உதவாது, என்னுது இல்லாம அவளுது உதவாது. இதுல எதை நான்னு சொல்றது?”

“எல்லாத்தையும்.”

“அது திருட்டு இல்லியா?”

“இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. கேக்கறவங்களுக்கும் தெரியும், சொல்றவங்களுக்கும் தெரியும். அது ஒரு பேச்சு வழக்கு, அவ்வளவுதான்.” நான் நம்பித்தான் சொன்னேன். “அவங்க அந்த ரூமுல இருக்கப்போறதில்ல, ஸுராப். உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?”

“முப்பத்தொண்ணு.”

“அப்புறம் என்ன?”

ரொட்டி ஆறிக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் தாழ்ந்த குரலில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. நடுவில் ‘நாங்க’ வழுக்கி வந்துவிடும், நான் விரலைத் தூக்குவேன், திரும்பவும் முதலிலிருந்து. பத்துப் பதினோரு தடவைக்குப் பிறகு சரளமாக வந்துவிட்டது. “எங்க அம்மா கேட்டா, யாருடா இந்தப் பெருமைக்காரன்னு கேப்பா” என்றார். இருவரும் சிரித்தோம். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை இரண்டாவது பேச்சு. அவர் கலக்கிவிட்டார். நிமிர்ந்து நின்று, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து, ‘நான்’ ‘நான்’ என்று ஒரு தடுமாற்றம் இல்லாமல் பேசினார். ஃபைன்கோல்ட் இந்தத் தடவையும் காகிதம் வைத்திருந்தான், ஆனால் பேனா அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த ஒற்றைப் படம் திரையில் வந்ததும் அவன் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தான்.

“இந்தப் படத்துல இருக்கறது. கலக்கறதை நிறுத்தணும்ங்கற யோசனை. அது யாருது?”

ஸுராப் ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் குறிப்பு எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“என்னுது” என்றார். “நான்தான் நிறுத்தினேன்.”

“முழுக்க நீங்களா?”

“முழுக்க நான்தான்.”

ஃபைன்கோல்ட் தலையை ஆட்டினான். வேறு எதுவும் கேட்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் அவன். அவன் சும்மா இருந்ததுதான் எனக்கு உதைத்தது.

அன்று மாலையே கூட்டம். படிவங்கள் திரையில் வருவதற்கு முன்பே அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

“நேத்து இதே ரூமுல, இதே திரையில, இதே படத்தை நான் பாத்தேன். என் குழுவுக்கு ஒரு டெக்னீஷியன் தேடறேன்ல, அதுக்கு ஒரு பொண்ணு வந்திருந்தா. பேரு பொலாங்கோ. அதே மூடின கம்பெனி, அவளும் வக்கீல்கள்கிட்ட இந்த ஒரு படத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கா. அவளும் ‘கலக்கறதை நிறுத்தச் சொன்னது நான், இது என்னோட வேலை’ன்னா. ‘முழுக்க நீயா’ன்னு கேட்டேன். ‘முழுக்க நான்தான்’னா. இப்ப இவரு வந்து அதையே சொல்றாரு.”

“அப்ப ரெண்டுல ஒருத்தர் பொய்” என்றாள் பெய்ஜ்.

“ரெண்டு பேருமே பொய்யோ என்னவோ” என்றார் யாரோ.

விஷயம் முழுவதும் தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். எந்த உப்பு யாருடையது, எந்தக் கேலி யாருடையது என்பதுவரை தெரியும். ஒரே வாக்கியம் போதும்: ‘இவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான், இவர்கள் இருவரும் சேர்ந்து செய்தது இது.’ சொன்னால் நாலாவது மாடிக்காரர் மாதிரி நானும் பெட்டியைத் தூக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், வாரத்துக்கு ஒரு கம்பெனி மூடும் குளிர்காலத்தில், நானும் போய் எவன் முன்னாலாவது நின்று ‘நான்’ ‘நான்’ என்று சொல்ல வேண்டும். பாதியை மென்று விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னேன்.

“ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சிருக்கலாம் இல்ல?”

பெய்ஜ் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “அப்படின்னா ‘நாங்க’ன்னு சொல்லியிருக்கலாமே?”

சத்தியமாக அப்படித்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

“முதல் தடவை ‘நாங்க’ன்னாரு” என்றான் ஃபைன்கோல்ட். அவனிடம் கேலி இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டான். “ரெண்டாவது தடவை ‘நான்’ங்கறாரு. கதை மாறுதே நோரீன். உப்பைத் தெரியாதவனைக் கூடச் சொல்லிக் குடுத்துச் சரி பண்ணலாம். இதை என்ன பண்றது?”

எங்கள் மென்பொருளில் ஒருவரை நிராகரித்தால் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் கீழே விரியும். கடைசிக் காரணம் ‘நேர்மை குறித்த ஐயம்’. அதைத் தொட்டால் அந்த ஆள் எங்கள் கம்பெனியில் மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. இடம் என்னுடையது என்பதால் ஸுராப்புக்கு நான்தான் தொட வேண்டும், இவெட்டுக்கு ஃபைன்கோல்ட். பெய்ஜ் கணினியை என் பக்கம் தள்ளினாள். தொட்டேன். அவனும் அவன் பங்கைத் தொட்டான். அதன் பிறகு வெள்ளிக்கிழமை யார் யார் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று பேசினார்கள்.

ஒன்பது நாள் கழித்து, மதிய நேரத்தில், வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன்.

“நோரீன், ஸுராப் பேசறேன். அஞ்சு நிமிஷம் இருக்கா?”

“ஸுராப், கம்பெனி விதிப்படி நான் எந்தக் காரணமும்…”

“தெரியும், தெரியும். காரணம் கேக்கல. காரணம் தெரிஞ்சுபோச்சு. இவெட் கூப்பிட்டா.”

நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

“எனக்கு முந்தின நாள் அவ உங்ககிட்ட வந்திருக்கா. அவளுக்கும் யாரோ ‘நான்’னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. கெட்டிக்காரி, என்னைவிட நல்லாவே சொல்லியிருக்கா.” அவர் சிரித்தார். “எட்டு வருஷம் ஒரே குளிர் அறையில நின்னோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே வாரத்துல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் திருடிட்டோம். அவ போன்ல அழுதா. நானும்தான். அப்புறம் சிரிச்சோம்.”

“ஸுராப், தப்பு என்னுது.”

“நீங்க நல்லது நினைச்சுத்தான் சொன்னீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வண்டிக்குள் சூடு ஏறவே இல்லை.

“இன்னும் நாள் இருக்கே” என்றேன். “வேற எங்கயாவது…”

“இனிமே யாரு கூப்பிடப்போறாங்க? டிக்கெட் போட்டாச்சு. பொண்ணு ஸ்கூல்லயும் சொல்லிட்டோம். திபிலிசியில என் தம்பி கார் உதிரிபாகம் விக்கறான், அவன் கடையில நிப்பேன். அதை விடுங்க. ஒரு உதவி கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“சொல்லுங்க.”

“இவெட் லாரன்ஸ்காரி. இங்கயே பொறந்தவ. எனக்குத்தான் இந்த ஊரு முடிஞ்சுபோச்சு, அவளுக்கு முடியல. நான் பொய் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. படம் முழுக்க அவளுதுதான்னு நானே ஒத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. அந்த ஃபைன்கோல்ட் அவளை எடுத்துக்கட்டும்.”

“அது உண்மை இல்லியே, ஸுராப்.”

“உண்மையத்தான் முதல்ல சொன்னேனே” என்றார்.

வண்டியில் உட்கார்ந்தபடியே கைபேசியில் பெய்ஜுக்கும் ஃபைன்கோல்டுக்கும் எழுதினேன். ‘ஸுராப் கிக்னாட்ஸே இன்று என்னிடம் தொலைபேசியில் பேசினார். தான் காட்டிய வேலை தன்னுடையதல்ல, முழுவதும் இவெட் பொலாங்கோ செய்தது, தான் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். பொலாங்கோவை மறுபடி பரிசீலிக்க வேண்டும்.’ இரண்டு தடவை படித்துவிட்டு அனுப்பினேன். அனுப்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இவெட்டுக்கு ஒரு வழி பிறந்தது என்பதால் மட்டுமல்ல. கதை ஒரு பக்கமாக முடிந்துவிட்டது, பேக்கரிப் பக்கம் இனி யாரும் வரமாட்டார்கள் என்பதாலும்தான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பத்து நிமிடத்தில் பெய்ஜிடமிருந்து பதில் வந்தது.

‘நன்றி நோரீன்! இது எழுத்தில் வந்தது ரொம்ப நல்லது. அவர் கோப்பில் சேர்த்துவிட்டேன். பொலாங்கோ பெயரில் உள்ள குறியை எடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த இடம் போன வெள்ளியே மூடியாச்சு. ஆள் எடுப்பதை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். உன் இடமும் போயிற்று. உன்னிடம் இன்னும் யாரும் சொல்லவில்லையா?’

மாடிப்படியில் ஓடினேன். பெய்ஜ் தன் மேஜையில் தயிரில் பழங்களைக் கலந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவள் முன்னால் நின்று, அந்தப் புதன்கிழமை விழுங்கியதை எல்லாம் கொட்டிவிட்டேன். பேக்கரி, ‘நான்’, இவெட்டின் கேலி, உப்பு, அவர் முதலில் சொன்னதுதான் உண்மை என்பது. எல்லாவற்றையும்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

“ஐயோ, நோரீன். இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கவே வேண்டாம்.”

“என்ன வேணா பண்ணு. எழுதித் தரேன்.”

“பண்றதுக்கு என்ன இருக்கு? இடமே இல்லாமப் போச்சு. இடம் இல்லாட்டி அந்த இன்டர்வியூவே நடக்காத மாதிரிதான். உன்மேல எதுவும் வராது, பயப்படாத.”

“என்னை விடு. அவர் கோப்புல நான் எழுதினது இருக்கே, அதை எடுத்துடு.”

“அதை எடுக்க முடியாதும்மா. வந்தது வந்ததுதான். உள்ள இருக்கும், அவ்வளவுதான்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாகச் சொன்னாள்: “ஊருக்குத்தானே போறாரு? யாரு பாக்கப்போறாங்க?”

என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். உள்ளே குளிர் அறையில் என் ஆட்கள் அன்றைய புரதத்தைத் திரும்பவும் கட்டி தட்ட வைத்திருந்தார்கள், கண்ணாடி வழியாகவே வெள்ளை தெரிந்தது. கைபேசியில் ஸுராப்பிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

‘சொல்லிட்டீங்களா? நான் இவெட்கிட்ட எதுவும் சொல்லல. அவங்க அவளைக் கூப்பிட்டதும் அவளே எனக்குச் சொல்லட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுட்டுப் போகணும்னு ஆசை.’

நாலைந்து தடவை எழுதி எழுதி அழித்தேன். ‘சொல்லிட்டேன்’ என்று பதில் போட்டேன்.